பள்ளியும் ஆறும் திறக்கும் ஜூன்

"எல்லாரும் ஒரு ஆறு வரைங்க பார்ப்போம்" என்றார் டீச்சர்.

ஜூன் முதல் வாரம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தஞ்சை மாவட்டத்தில், வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்காலின் கரையில் இருக்கிறது அந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் பதினேழு பிள்ளைகள். பின்வரிசையில் ஓர் ஓரமாக நானும் உட்கார்ந்திருந்தேன்.

கால் மணி நேரத்தில் படங்கள் மேசைக்கு வந்தன. முக்கோணமாக இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் நீல ஆறு. கரையில் ஒரு தென்னை, ஒரு குடிசை, வானத்தில் டிக் அடித்தது போல நாலு பறவை. பதினாறு தாளிலும் ஏறக்குறைய இதே படம். வரைந்தவர்களில் பெரும்பாலோர் மலையை நேரில் பார்த்ததே கிடையாது. அவர்கள் ஊரிலிருந்து கிழக்கே கடல்வரை போனாலும் ஒரு குன்றுகூடத் தட்டுப்படாது.

பதினேழாவது தாளில் நீலமே இல்லை. முழுக்கப் பழுப்பு. நடுவில் மூன்று குச்சி, அதற்கு முன்னால் மட்டையோடு ஒரு பையன். ஓரத்தில் இரண்டு ஆடு, மேலே குறுக்காக ஒரு பாலம்.

"இதுல தண்ணி எங்க தம்பி?"

"இன்னும் தொறக்கலையே டீச்சர்" என்றான்.

டீச்சர் அந்தத் தாளைத்தான் எடுத்துச் சுவரில் ஒட்டினார். மற்ற பதினாறையும் அலமாரியில் வைத்தார். "இவன் மட்டும்தான் சார் நம்ம ஆத்தப் பாத்து வரைஞ்சிருக்கான். மத்ததெல்லாம் புஸ்தகத்து ஆறு" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

காவிரி டெல்டாவில் ஆறு எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஒரு நாள் வரும். ஒரு நாள் நின்றுபோகும். குறுவைக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது, ஜனவரி 28-ல் மூடுவது என்பது வழக்கம். இடையில் ஏறத்தாழ 230 நாள் தண்ணீர். மிச்ச நாள் மணல். அந்த மணலில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், கோடையில் ஊற்றுத் தோண்டுவார்கள். பிறகு ஒரு நாள் ஊரே கரையில் போய் நிற்கும், புதுத்தண்ணீரைப் பார்க்க.

பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில், அணை திறப்பதும் ஜூனில். ஆற்றைப் பற்றிப் பாடம் நடத்த இதைவிட நல்ல பாடவேளை வேறெந்த ஊர்ப் பிள்ளைக்கும் வாய்க்காது. ஆனால் நம் வகுப்பறைகளில் ஆற்றுப் பாடம் பெரும்பாலும் எங்கோ ஒரு மலையுச்சியில் தொடங்கிவிடுகிறது. ஆறு மலையில் பிறக்கும், சமவெளியில் தவழும், கடலில் கலக்கும். பிள்ளை அதை ஒப்பிக்கும். ஜன்னலுக்கு வெளியே வறண்டு கிடக்கிற வாய்க்காலுக்கும் அந்த மூன்று வரிக்கும் என்ன உறவு என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நானும் இந்த மண்ணில் படித்தவன்தான். 'காவிரி எங்கே உற்பத்தியாகிறது?' என்ற கேள்விக்கு 'மேட்டூர்' என்று எழுதிவிட்டு, சிவப்பு மையில் ஒரு பெரிய பெருக்கல் குறி வாங்கியிருக்கிறேன். பிறகு குடகு மலை, தலைக்காவிரி என்று மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டில் மே மாதம் முழுக்க அப்பா கேட்டது ஒரே கேள்வி: "மேட்டூர்ல எத்தனை அடி?" தலைக்காவிரி என்ற பெயர் எங்கள் திண்ணையில் ஒருநாளும் அடிபட்டதில்லை. நான் எழுதியது தவறுதான். ஆனால் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எங்கள் வாசல் வாய்க்காலிலிருந்து குடகுவரை ஒரு வழி திறந்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதனால்தான் இந்த டீச்சர் செய்வதைப் பார்க்கப் போனேன்.

அவர் ஆற்றைத் தலைகீழாக நடத்துகிறார். பிள்ளையின் காலடியில் இருக்கிற மடையிலிருந்து தொடக்கம். மடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வெண்ணாறு, வெண்ணாற்றிலிருந்து கல்லணை, அங்கிருந்து முக்கொம்பு, மேட்டூர், ஒகேனக்கல், கடைசியில்தான் குடகு. மலை வருவதற்குள் ஆடிப்பெருக்கு வந்துவிடும்.

இரண்டு குடம்

ஜூன் 12-ஆம் தேதி செய்தியில் மேட்டூர் திறப்பு வந்தது. 'விநாடிக்கு 3,000 கன அடி வீதம்' என்று டிவியில் சொன்னதை மறுநாள் காலை ஒரு சிறுமி அப்படியே சொன்னாள். கன அடி என்றால் என்ன என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், டெல்டாவில் நாள்தோறும் அந்தச் சொல்லைச் சொல்கிற பெரியவர்களில் பலரும் அதைக் கண்ணால் கண்டதில்லை.

டீச்சர் சத்துணவுக் கூடத்திலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குடம் எடுத்துவரச் சொன்னார். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். குடம் ஒன்று 14 லிட்டர் பிடிக்கும். இரண்டையும் நிரப்பி, வேப்பமரத்தடியில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "நான் ஒண்ணு சொல்லி ரெண்டு சொல்றதுக்குள்ள ரெண்டு குடமும் காலியாகணும்." முதல் முறை முடியவில்லை. இரண்டாம் முறை ஒரே சாய்ப்பாகச் சாய்த்தார்கள். தண்ணீர் பொத்தென்று விழுந்து, முன்னால் நின்ற சின்னப் பிள்ளைகளின் பாவாடையெல்லாம் நனைந்து, மண்ணில் ஒரு குழி விழுந்தது.

"இது ஒரு கன அடி. மூவாயிரம் கன அடின்னா எத்தனை குடம்?"

"ஆறாயிரம்!"

"எவ்வளவு நேரத்துல?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு பெண், "டீச்சர்... ஒண்ணு ரெண்டு சொல்றதுக்குள்ளயா?" என்றாள்.

பெருக்கல் வாய்ப்பாட்டை அவர்கள் முன்பே படித்திருந்தார்கள். ஆறாயிரம் என்கிற எண் எவ்வளவு பெரியது என்பது அந்த வேப்பமரத்தடியில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. 'டி.எம்.சி.' என்ற சொல்லையும் டீச்சர் அன்றைக்கே சொல்லிவிட்டார். நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி. மேட்டூர் நிரம்பினால் 93.47 டி.எம்.சி. இதற்குக் குடம் கிடையாது என்றும் சேர்த்தே சொன்னார்.

பிறகு காத்திருப்பு. மேட்டூரிலிருந்து கல்லணைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். திறந்த தண்ணீர் அங்கே வந்து சேர மூன்று நாளிலிருந்து நான்கு நாளாகும். சுவரில் ஒட்டிய பழுப்பு ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான சணல் கயிறு கட்டினார்கள். பவானி, ஈரோடு, கொடுமுடி, கரூர்ப் பக்கம் அமராவதி சேருமிடம், முக்கொம்பு, ஸ்ரீரங்கம், கல்லணை என்று பெயர் எழுதிய அட்டைகள் அதில் தொங்கின. தண்ணீர் எங்கே வந்திருக்கும் என்று தினமும் காலையில் பேசி, ஒரு துணி கிளிப்பை நகர்த்துவார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர். நம் நடையைவிட மெதுவு.

"தண்ணி ராத்திரியில தூங்காதா டீச்சர்?" இது நான்காம் வகுப்பு.

"தூங்காது கண்ணு. அதான் இவ்வளவு சீக்கிரம் வந்துடுது."

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அங்கிருந்து முறைவைத்து வரவேண்டும். வறண்ட மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். ஆகவே கிளிப் சில நாள் ஒரே இடத்தில் நின்றது. பிள்ளைகள் பொறுமை இழந்தார்கள். கடைமடை விவசாயி ஒவ்வோர் ஆண்டும் படுகிற தவிப்பில் ஒரு சிறு பங்கு அது.

வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று மத்தியானம் யாரோ ஓடிவந்து சொன்னார்கள். பாடம் நின்றது. வாய்க்காலில் முழங்கால் அளவுகூட வராது என்பதால் பெற்றோர் நாலைந்து பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மதகடிக்குப் போனோம்.

புதுத்தண்ணீர் பாய்ந்து வருவதில்லை. நாக்கை நீட்டியது போலத் தவழ்ந்து வருகிறது. முன்விளிம்பில் ஒரு விரற்கடைக்குப் பழுப்பு நுரை. அதில் காய்ந்த மூங்கில் இலை, வைக்கோல், ஒரு கிழிந்த பிஸ்கெட் உறை. வெடித்துக் கிடந்த சேற்றுப் பாளங்களின் இடுக்கில் அது இறங்கும்போது உள்ளேயிருந்து குமிழிகள் பொட்டுப் பொட்டென்று வெடித்தன. பொந்துகளில் இருந்த பூச்சிகள் எல்லாம் வெளியே வந்து கோரைத் தண்டுகளில் ஏறின. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடின. தண்ணீருக்கு இரண்டடி முன்னால் வெள்ளைக் கொக்குகள் நாலு, அவசரமே இல்லாமல், ஓடிவரும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டே பின்வாங்கி நடந்தன. பிள்ளைகள் கரைமேல் தண்ணீரின் முன்விளிம்போடு சேர்ந்து நடந்தார்கள். அதன் வேகமும் அவர்கள் நடையும் ஒன்றாக இருந்தது. அரைக் கிலோமீட்டர் அப்படியே ஊர்வலம் போல நடந்தோம். ஒரு பாட்டி இறங்கி, இரண்டு கையிலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரும் எதுவும் விளக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வாய்க்கால் ஒரு மாதிரி நிலைகொண்ட பிறகு, கரையில் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டார்கள். பூவரச இலையை மேல்குச்சியருகே விட்டால் கீழ்க்குச்சியை எத்தனை எண்ணிக்கையில் தொடுகிறது? இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது. நீரியல் படித்த பொறியாளர்களும் மிதவை விட்டு இப்படித்தான் மேல்மட்ட நீரோட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். ஓர் இலை ஓரத்துப் புல்லில் சிக்கி நின்றது. நடுவில் வேகம் அதிகம், ஓரத்தில் குறைவு என்று டீச்சர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேலத்தெரு ஏன் மேலத்தெரு?

டெல்டாப் பிள்ளைக்கு ஆற்றில் மிகக் கடினமான செய்தி, சரிவு. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்று அதற்குத் தெரியும். ஆனால் தன் ஊரில் மேடு எங்கே, பள்ளம் எங்கே? தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல் எழுபது, எண்பது கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத தரை கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். போதாததற்கு வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிற வரைபடம் ஒரு குழப்பத்தைச் செய்கிறது. அதில் வடக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஆறு வடக்கிலிருந்து தெற்கே 'இறங்கும்' என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் பார்த்துவிட்டேன்.

டீச்சர் வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்து, வடக்கு நோக்கித் திருப்பிப் போட்டார். பிறகு கேட்டார்: "மேலத்தெரு எந்தப் பக்கம்?"

"மேக்கால."

"கீழத்தெரு?"

"கெழக்கால."

"மேலத்தெரு என்ன, கீழத்தெருவைவிட உசரமாவா இருக்கு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒருவன் எழுந்து, "மழை பேஞ்சா மேலத்தெருத் தண்ணிதான் டீச்சர் எங்க தெருவுக்கு வரும்" என்றான். கீழத்தெருப் பையன்.

மேல் என்பதிலிருந்து மேற்கு. கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து, வங்கக் கடலோரம் தாழ்ந்து கிடக்கிற ஒரு நாட்டில் பிறந்த மொழி, திசைக்குப் பெயர் வைக்கும்போதே தரையின் சரிவை அதற்குள் வைத்துவிட்டது. ஆற்றுப் பாடம் நடத்தும் ஒவ்வொரு தமிழாசிரியரும் முதல் நாளே இதைச் சொல்லலாம். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது என்பதை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இல்லை. பிள்ளை தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிற சொல்லிலேயே அது இருக்கிறது. ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். ஆடுதுறை, மயிலாடுதுறை, திருவையாறு. துறை என்றால் என்ன என்று கேட்டால் போதும், படித்துறையில் போய் நிற்கும் பேச்சு.

சரிவைக் கையால் தொட்டுப் பார்க்க மணல் குவியல் இருக்கிறது. பள்ளிக் கட்டடம் கட்டி மிச்சமான மணலை ஒரு மூலையில் மலையாகக் குவித்து, உச்சியில் ஓட்டை போட்ட தகரக் குவளையால் தண்ணீர் விட்டார்கள். முதலில் மணல் குடித்தது. பிறகு சின்னச் சின்னக் கோடுகளாக இறங்கிய தண்ணீர் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே ஓடையானது. அடிவாரத்துத் தட்டையான தரைக்கு வந்ததும் வேகம் இழந்து, சுமந்து வந்த மணலைக் கீழே போட்டு, தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டு, விரல் விரலாகப் பிரிந்தது. ஒரு விசிறி போல.

"இதான் டீச்சர் நம்ம ஊரு!" என்று விசிறியின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள் ஒரு சிறுமி.

துணையாறுகள் வந்து சேர்வதைத்தான் புத்தகங்கள் அதிகம் பேசும். ஆனால் இந்தப் பிள்ளைகளின் ஆறு சேர்கிற ஆறு இல்லை, பிரிகிற ஆறு. குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, வடவாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒரு வயலின் மடைவாயில் முடிகிற ஆறு. அது அவர்களுக்குத் தெரிய வேண்டிய முதல் புவியியல்.

'மனுஷங்க வெட்டினாங்க'

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1920-களில் ஜெனீவாவின் சிறு பிள்ளைகளிடம் ஏரியும் ஆறும் எப்படி உண்டாயின என்று கேட்டார். சிறியவர்கள் பலர், மனிதர்கள் தோண்டினார்கள் என்றார்கள். இயற்கையில் உள்ள எல்லாவற்றையும் யாரோ செய்து வைத்தார்கள் என்று நினைப்பது குழந்தைச் சிந்தனையின் ஒரு கட்டம் என்று அவர் எழுதினார்.

இதே கேள்விக்குத் தஞ்சாவூர்ப் பிள்ளை இதே பதிலைச் சொன்னால் என்ன செய்வது? கல்லணைக் கால்வாயை இந்தப் பக்கத்தில் 'புது ஆறு' என்பார்கள், பேச்சில் புதாறு. பெரிய கோவிலை ஒட்டி ஓடுகிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு 1934-ல் தண்ணீர் விடப்பட்ட ஆறு அது. பார்த்தால் ஆறு, பெயரும் ஆறு. ஆனால் மனிதர்கள் வெட்டியது. கரிகாலன் பெயரோடு நிற்கும் கல்லணை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழையது. ஆர்தர் காட்டன் காலத்து முக்கொம்பு அணை 1836-ஐச் சேர்ந்தது. டெல்டாவில் தண்ணீர் போகிற ஒவ்வொரு பாதையிலும் இயற்கையின் கை எது, மண்வெட்டியின் கை எது என்று பிரிப்பது பெரியவர்களுக்கே எளிதல்ல. எனவே 'மனுஷங்க வெட்டினாங்க' என்ற பதிலுக்குப் பெருக்கல் குறி போடாதீர்கள். 'எதை வெட்டினாங்க, எதை வெட்டல? போய்க் கேட்டுட்டு வா' என்று அனுப்புங்கள்.

கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் ஒருவரை டீச்சர் வகுப்புக்கு அழைத்திருந்தார். ஓய்வு பெறும் வயது. நாற்காலியில் உட்காரவே கூச்சப்பட்டார். முதல் கேள்வியே, "நீங்க திருப்புற சக்கரம் எத்தனை கிலோ தாத்தா?" அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவர் நிறுத்தவில்லை. எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை, ராத்திரி யார் வந்து மடையைத் திருப்புவார்கள், பாசன வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் என்ன வித்தியாசம், ஐப்பசி மழையில் வயலிலிருந்து தண்ணீரை வெளியேற்ற வழியில்லாமல் போனால் பயிர் எப்படி அழுகும் என்றெல்லாம் சொன்னார். கரும்பலகையில் அவரே ஒரு படமும் போட்டார். அப்படி ஒரு தெளிவான வாய்க்கால் வரைபடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

தண்ணீர் வந்த தேதிகளையும் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டுச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். 2012-லிருந்து 2019 வரை எட்டு ஆண்டும் ஜூன் 12 தவறியது. 2020-ல் சரியாகத் திறந்தார்கள். ஆனால் கொரோனாவால் பள்ளி திறக்கவில்லை. 2022-ல் மே 24-லேயே வந்தது. 2023-ல் ஜூன் 12. 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். ஒரு பிள்ளை தன் ஐந்து வயதுத் தம்பி பிறந்த ஆண்டுக்கு எதிரே நட்சத்திரம் போட்டிருந்தது.

'கர்நாடகாக்காரன் தண்ணி தரல' என்ற பேச்சும் அப்போது வகுப்புக்குள் வந்தது. வராமல் இருக்காது, வீட்டில் கேட்பதைத்தானே பிள்ளை சொல்லும். டீச்சர் அதை அடக்கவில்லை. கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளை வரைபடத்தில் காட்டினார். எல்லையில் பிலிகுண்டுலுவில் தண்ணீரை அளக்கிறார்கள், சராசரி ஆண்டில் 177.25 டி.எம்.சி. வரவேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றார். மண்டியாவிலும் ஒரு நாலாம் வகுப்பு இருக்கும், அங்கேயும் ஒரு பிள்ளை அப்பாவோடு வயலுக்குப் போகும் என்றும் சொன்னார். நம் உரிமையைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். வெறுப்பை ஊட்ட வேண்டாம்.

இன்னொரு சொல்லை வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. 'வீணாகக் கடலில் கலக்கிறது.' வெள்ளம் வரும் ஆண்டெல்லாம் இது தலைப்புச் செய்தியாகிறது. கொள்ளிடத்தில் தண்ணீர் போகும்போது அது சுமந்து செல்லும் வண்டல்தான் இந்த டெல்டாவையே உண்டாக்கியது. ஆற்று நீர் கடல்நீரோடு கலக்கும் முகத்துவாரத்தில்தான் இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கின்றன. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் அலையாத்திக் காடு நிற்பது அந்தக் கலப்பினால். ஆற்று நீர் குறையும் இடத்தில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வருகிறது. நாகப்பட்டினத்துக் கரையோரப் பிள்ளைகளின் வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கிறது. தேக்கி வைக்கவேண்டியதைத் தேக்குவோம். அதற்காகக் கடலுக்குப் போகிற ஒவ்வொரு சொட்டையும் வீண் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், மணல் குவியலில் அது கண்ட விசிறியை நாமே அழிக்கிறோம்.

இனி, ஆசிரியர்கள் எல்லோரும் தயங்குகிற இடம். ஆற்றங்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதா? ஏதாவது ஆகிவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் குழந்தைகள் மிக அதிகம். ஒவ்வோர் ஆடிப்பெருக்கிலும் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறது. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. தண்ணீர் அதைச் சமமாக மூடிவிடும். நேற்று முழங்கால் ஆழத்தில் நின்ற இடத்தில் இன்று ஆளை முழுங்கும். 'ஆத்துப் பக்கம் போகாதே' என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளைதான் ஒருநாள் யாரும் பார்க்காதபோது போகிறது. நீந்தத் தெரியாமல் போகிறது. ஒருவன் தத்தளித்தால் கையைக் கொடுக்க இன்னொருவன் குதிக்கிறான். அப்புறம் இரண்டு பேர்.

முந்தைய தலைமுறையில் முதுகில் சுரைக்குடுக்கையோ காய்ந்த தேங்காயோ கட்டி, அப்பாவோ மாமாவோ வாய்க்காலில் இறக்கி நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதும் பெண் பிள்ளைகளில் பலருக்கு அது கிடைக்கவில்லை. எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் எல்லாப் படித்துறையும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பள்ளி வழியாகக் கற்பித்தால்தான் அந்தப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. டெல்டாவில் இது கூடுதல் திறமைகளில் ஒன்றாக இருக்கக்கூடாது. வாய்ப்பாடு போல, அகரவரிசை போல, எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பள்ளியில் நீச்சல் கற்றுத்தர ஆளில்லை, அனுமதியும் இல்லை. டீச்சர் தன்னால் முடிந்ததைச் செய்கிறார். ஆற்றுக்கு அழைத்துப் போவது ஆறு வறண்டிருக்கும்போது மட்டும். பாலத்துத் தூணடியில் தண்ணீர் அரித்த பள்ளத்தில் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக நிற்கவைத்து, தலை தெரிகிறதா என்று கரையில் நிற்பவர்களைப் பார்க்கச் சொல்கிறார். தெரிவதில்லை. "தண்ணி வந்ததும் இது மூடிரும். மேல பாத்தா சமமாத்தான் இருக்கும். ஞாபகம் இருக்கட்டும்." பிறகு கரையில் ஒரு விளையாட்டு. ஒருவன் மணலில் தத்தளிக்க வேண்டும். மற்றவர்கள் குதிக்காமல் காப்பாற்ற வேண்டும். துண்டு, கயிறு, மூங்கில், மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேன். தாவணியை வீசிய ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் அக்காதான் எல்லோரையும்விட வேகமாகக் காப்பாற்றினாள். அவள் துணைக்கு வந்தவள்.

வறண்ட ஆறு இன்னும் நிறையக் கற்றுக்கொடுக்கும். ஒரு முழம் தோண்டினால் மணல் ஈரமாகிறது. இரண்டு முழத்தில் சில இடங்களில் ஊற்றுக் கசிகிறது. மேலே ஓடாதபோதும் கீழே ஆறு இருக்கிறது. கரைச் சேற்றை ஒரு பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வைத்தால், மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் அதன்மேல் மெதுவாகப் படியும். களி அடுத்த நாளும் கலங்கியே நிற்கும். காட்டாமணக்குப் புதர், ஆகாயத்தாமரை, கோழிக்கடைக் கழிவு மூட்டை, எல்லாம் கண்ணில் படுகிறது. குப்பையைப் பார்த்து டீச்சர் உறுதிமொழி எதுவும் எடுக்கவைக்கவில்லை. எது எந்தக் கடையிலிருந்து வந்திருக்கும் என்று மட்டும் கேட்டார். பிள்ளைகளுக்குக் கடைப்பெயர் உட்பட எல்லாம் தெரிந்திருந்தது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அந்த டீச்சருக்கும் இல்லை. பதிவேடுகளும் செல்போனில் ஏற்ற வேண்டிய விவரங்களும் போக மிஞ்சுகிற நேரத்தில், கணக்கையும் தமிழையும் அறிவியலையும் ஆற்றுக்குள் கொண்டுவந்துதான் அவர் சமாளிக்கிறார். தலைமையாசிரியர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்பதை நன்றியோடு குறிப்பிட்டார்.

பிப்ரவரியில் மறுபடி போனேன். ஷட்டர் இறக்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வாய்க்காலில் சேறு, வெண்ணாற்றில் ஆங்காங்கே தண்ணீர்த் திட்டு. கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கேள்வி அழிக்காமல் இருந்தது: 'தண்ணி நின்னா மீன் எல்லாம் எங்கே போகும்?' கேட்டது முன்பு பழுப்பு ஆறு வரைந்த பையன். அவனுக்கு டீச்சர் சொன்ன பதில், "எனக்குச் சரியாத் தெரியல தம்பி. போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

போனோம். பாலத்துக்குக் கிழக்கே, மூன்றாவது தூணடியில் ஒரு மடு. பத்தடி நீளம் இருக்கும். ஓரத்தில் ஒரு மீன்கொத்தி எங்களைப் பார்த்துப் பறந்து, அடுத்த தூணில் உட்கார்ந்தது. கலங்கல் தெளியும்வரை யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு. பதினேழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். மெல்ல மெல்லத் தெரிந்தது. கெண்டைக் குஞ்சுகள் வெள்ளிப் பொடி போல ஒருபுறமாகத் திரும்பின, மறுபுறமாகத் திரும்பின. அடியில் மீசை வைத்த கெளுத்தி ஒன்று சேற்றைக் கிளப்பியது. பையன் கையிலிருந்த மூங்கில் குச்சியைக் கரையோரம் நட்டு, நீர்மட்டத்தில் சிவப்பு நூல் கட்டினான். அடுத்த வியாழக்கிழமை வந்து பார்க்கும்போது நூலுக்குக் கீழே நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

அவன் நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: 'மீன் மடுவுல இருக்கு. தண்ணி என் முட்டிக்குக் கீழ. எண்ண முடியல, ஓடுது. மீன்கொத்தியும் இன்னும் போகல.'